இந்தியப் பாஸ்போட்டை ஒப்படைப்பதும் இலங்கைப் பாஸ்போட்டில் இந்தியா போவதும்: வன்னியில் இருப்பவர்களுக்கு

முதலில் உங்கள் இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள திகதியைப் பாருங்கள். அந்த நாளோடு உங்கள் இந்தியக் குடியுரிமை முடிந்துவிட்டது. பாஸ்போட்டை எங்காவது ஒப்படைத்தீர்களா, ஏதாவது தாளில் கையொப்பம் வைத்தீர்களா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் அத்தோடு இந்தியக் குடிமகன் இல்லை என்று இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அலுமாரிக்குள் இருக்கும் நீலப் பாஸ்போட்டில் இன்னும் ஆறு வருடம் மிச்சம் இருக்கலாம். இருந்தாலும் அது இனிப் பயணத்துக்கு ஆகாது.

"காலாவதியாகும் வரைக்கும் பாவிக்கலாம்தானே, விசாக் காசு மிச்சம்" என்று சொல்பவர்கள் ஊரில் நிறையப் பேர். அந்தப் பேச்சைக் கேட்டுப் போனவர்களுக்குத்தான் பிறகு தலையிடி. குடியுரிமை மாறிய திகதிக்குப் பிறகு இந்தியப் பாஸ்போட்டில் போய்வந்த ஒவ்வொரு முத்திரையும் ஒப்படைக்கப் போகும் அன்று மேசையில் விரிக்கப்படும், தண்டப்பணமும் கேட்கப்படலாம். அதைவிட மோசமானது, மாறிய பிறகு அந்தப் பாஸ்போட்டைப் புதுப்பிக்கப் போவது. தன் குடியுரிமையை மறைத்து இந்தியப் பாஸ்போட் எடுப்பவருக்கு இந்தியப் பாஸ்போட் சட்டம் 1 முதல் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 முதல் 50,000 இந்திய ரூபா வரை அபராதமும் வைத்திருக்கிறது.

இலண்டனில் இருக்கும் சித்தப்பா இலங்கை, பிரித்தானியா இரண்டும் வைத்திருக்கிறார், நான் மட்டும் ஏன் வைத்திருக்க முடியாது என்ற கேள்வியும் வரும். இலங்கைச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி விடுகிறது. இந்தியச் சட்டம் விடுவதில்லை. தடை அந்தப் பக்கத்தில்தான்.

யாருக்கு இது பொருந்தும்

வன்னியில் முன்னாள் இந்தியக் குடிமக்கள் என்றால் ஒரே வகையான ஆட்கள் இல்லை. வகையைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, தமிழ்நாட்டில் இருந்தபோது அங்குள்ள ஒருவரைக் கட்டி, குடும்பமாகத் திரும்பி வந்தவர்கள். திருச்சிப் பெண் இப்போது முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பார். முதலில் வதிவிட விசாவில் இருந்து, பிறகு வாழ்க்கைத்துணை என்ற முறையில் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிந்திருப்பார். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டு இலங்கையில் வதிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பதிவுக்கான நிபந்தனை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாம் இவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது வகை, 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடியேறிய குடும்பங்கள். 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இவர்களில் சிலருக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. ஆனால் 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோக, பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே தங்கிவிட்டார்கள். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்குத் தனி வழி வைத்தது: இலங்கைக் குடியுரிமையை விரும்பி ஏற்பதாகப் பிரகடனம் செய்து, அதற்கு ஆணையாளரின் மேலொப்பம் பெறுவது. அப்படிப் பெற்றவரிடம் கையெழுத்தில் நிரப்பிய பழைய பாஸ்போட் இருந்தால், அது எப்போதோ காலாவதியாகியிருந்தாலும், ஒப்படைக்க வேண்டியதுதான். தகப்பனின் பாஸ்போட்டில் பிள்ளைகளின் பெயரும் பதியப்பட்டிருக்கிறதா என்று உள்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பிள்ளை இப்போது ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் அந்தப் பக்கத்தின் பிரதி அவருக்கும் தேவைப்படும்.

அதே குடும்பங்களில் இந்தியாவுக்கு விண்ணப்பம் மட்டும் போட்டு, பாஸ்போட் கிடைக்காமலே இருந்தவர்கள் வேறு. அவர்கள் நாடற்றவர்களாக இருந்து 1988 அல்லது 2003 சட்டத்தால் இலங்கையர் ஆனவர்கள். இந்தியக் குடியுரிமை அவர்களுக்கு இருந்ததே இல்லை, ஒப்படைக்கவும் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, தமிழ்நாட்டில் மண்டபம் முதலான அகதி முகாம்களில் பிறந்து திரும்பி வந்த இளைய ஆட்கள். இந்தியச் சட்டப்படி 1987 யூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர். அந்த நாளிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம்: இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பாஸ்போட் எடுத்ததே இல்லை, ஆகவே ஒப்படைப்பும் இல்லை. ஆனால் இலங்கைப் பாஸ்போட்டில் பிறந்த இடம் இந்தியா என்று இருக்கும், விசாப் படிவமும் விமான நிலையமும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும். பிறப்புச் சான்றிதழையும் இலங்கைக் குடியுரிமைப் பதிவுச் சான்றிதழையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அவசரப்பட்டு முன்கூட்டியே துறக்க வேண்டாம்

இரண்டு சொற்கள் அடிக்கடி குழம்பும். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் செய்வது துறப்பு: நானே இந்தியக் குடியுரிமையைக் கைவிடுகிறேன் என்று 22ஆம் இலக்கப் படிவத்தில் பிரகடனம் கொடுப்பது. 9ஆம் பிரிவின்படி குடியுரிமை தானாகவே அற்றுப்போன பிறகு பாஸ்போட்டைக் கையளித்து அதற்குச் சான்று பெறுவது ஒப்படைப்பு. அதைத்தான் அலுவலகத்தில் சரண்டர் சேர்ட்டிபிக்கேற் என்கிறார்கள். இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டவர் கேட்க வேண்டியது இரண்டாவது. சான்றிதழ் வருமுன் முதலாவதைச் செய்தால், இங்கே விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டு போகும் காலத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் நிற்க வேண்டி வரும். கிடப்பில் இருக்கும் கோப்பை நம்பிக் கையில் இருக்கும் பாஸ்போட்டை விடக்கூடாது.

8ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. தாயோ தகப்பனோ துறந்தால் வயது வராத பிள்ளையின் இந்தியக் குடியுரிமையும் போய்விடும். பிள்ளை 18 வயதான பின் ஒரு வருடத்துக்குள் பிரகடனம் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இங்கே பிறந்த பிள்ளைகள் விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை இந்தியர் ஆக வேண்டுமானால் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் பிள்ளை இலங்கையர் மட்டுமே.

சேர்க்க வேண்டிய கடதாசிகள்

வட மாகாணத்தில் இருப்பவர்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. 2010இல் திறந்த இந்தியத் துணைத் தூதரகம் யாழ்ப்பாணம் நல்லூர்ப் பக்கம் இருக்கிறது. ஆட்கள் வழக்கமாகப் பிழை விடும் இடம் ஒன்று உண்டு: விசா விண்ணப்பம் வாங்கும் நிலையம் வேறு, பாஸ்போட் அலுவல் பார்க்கும் துணைத் தூதரகத்தின் கொன்சியூலர் பிரிவு வேறு. ஒப்படைப்புக்கு இரண்டாவது. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து பஸ் மாறுபவர், மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வருபவர் எல்லாரும் ஒரு முழு நாளை இதற்கென்றே வைக்க வேண்டும். போகுமுன் தொலைபேசியில் கேட்டு, ஒப்படைப்பு எடுக்கும் நாளையும் நேரத்தையும் அன்றைய கட்டணத்தையும் உறுதி செய்யுங்கள். கட்டணம் நீங்கள் இலங்கையர் ஆன திகதியைப் பார்த்து மாறும். 2010 யூன் 1க்கு முன் மாறியவர்களுக்குக் குறைவு, பின் மாறியவர்களுக்குக் கூட. இந்திய விடுமுறை, இலங்கை விடுமுறை இரண்டுக்கும் பூட்டு விழும், போயா நாளையும் கலண்டரில் பாருங்கள்.

விண்ணப்பத்தை முதலில் இந்தியத் தூதரகங்களுக்கான பாஸ்போட் இணையத்தளத்தில் நிரப்பி, அச்செடுத்துக்கொண்டு போக வேண்டும். கூடவே:

கடைசியாக எடுத்த இந்தியப் பாஸ்போட் மூலப்பிரதி, அதற்கு முந்தியவை இருந்தால் அவையும்.
அதன் படமுள்ள பக்கம், முகவரியுள்ள கடைசிப் பக்கம், குறிப்பு ஏதாவது எழுதப்பட்ட பக்கங்கள், குடியுரிமை மாறிய திகதிக்குப் பிந்திய முத்திரை உள்ள பக்கங்கள்: எல்லாம் போட்டோக்கொப்பி.
இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ், மூலமும் பிரதியும்.
இலங்கைப் பாஸ்போட், அடையாள அட்டை.
பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு.
வெள்ளைப் பின்னணியில் 2 அங்குலத்துக்கு 2 அங்குலப் படம். ஸ்ரூடியோவில் "இந்தியன் விசா சைஸ்" என்று கேளுங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த மிச்சப் படம் சரிவராது.

போட்டோக்கொப்பி ஒவ்வொன்றிலும் இரண்டு செற் கொண்டு போங்கள். ஒரு பக்கம் குறைந்தால் கடை தேடி ஓட வேண்டும், திரும்பி வரும்போது வரிசை போயிருக்கும்.

வாங்கிய பாஸ்போட்டை ரத்துச் செய்ததற்கான அடையாளம் போட்டு, சான்றிதழோடு உங்களிடமே தருவார்கள். அதை எறியவோ பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவோ கூடாது. முன்னாள் இந்தியருக்கு இந்தியா தரும் ஓசீஐ (ஓவர்சீஸ் சிற்றிசன் ஒஃப் இந்தியா) அட்டை எடுக்க அதுதான் முதல் ஆதாரம். சான்றிதழையும் லமினேற் பண்ணாதீர்கள். முத்திரையையும் தாளையும் தொட்டுப் பார்க்க முடியாதபடி பிளாஸ்ரிக்கால் மூடிய கடதாசியைப் பல அலுவலகங்கள் வாங்குவதில்லை.

பெயர்தான் பெரிய தொல்லை

ஒப்படைப்பில் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பெரும்பாலும் காசோ சட்டமோ காரணமாக இருக்காது. பெயர்தான் காரணம்.

ஒரு உதாரணம். இந்தியப் பாஸ்போட்டில் பெயர் செல்வராணி, குடும்பப்பெயர் என்ற கட்டம் வெறுமை, தகப்பன் பெயர் கடைசிப் பக்கத்தில் முருகேசன். தமிழ்நாட்டுப் பாஸ்போட்டுகளில் இது சர்வசாதாரணம். இங்கே விவாகப் பதிவில் அவரே முருகேசன் செல்வராணி. அடையாள அட்டை எடுக்கும்போது கணவன் பெயர் முன்னால் ஏறி, தவராசா செல்வராணி. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்து: இந்தியாவில் 'ராணி' கடைசியில் 'ஐ' என்ற எழுத்தில் முடியும், இங்கே எழுதுவினைஞர் பழக்கத்தில் 'வை' போட்டுவிடுவார். உங்களுக்கும் எனக்கும் அது ஒரே செல்வராணி. கணினிக்கு மூன்று வேறு பெண்கள்.

இதற்குச் சத்தியக் கடதாசி ஒன்று வேண்டும். "மேற்படி பெயர்கள் யாவும் என் ஒருத்தியையே குறிக்கும்" என்ற ஒற்றை வசனம் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக அது எந்த ஆவணத்தில், எந்த இலக்கத்தில், எந்தத் திகதியில் வந்தது என்று எழுத வேண்டும். ஆங்கில எழுத்துக்கள் அந்தந்த ஆவணத்தில் உள்ளபடியே, பிழையோடு சேர்த்து, இருக்க வேண்டும். திருத்தி அழகாக எழுதினால் கடதாசி பயனற்றுப் போகும். சமாதான நீதவான் ஒப்பமிட்டதும் கடதாசிதான். ஆனால் வெளிநாட்டு அலுவலகத்துக்குச் சட்டத்தரணி, அதாவது சத்தியப்பிரமாண ஆணையாளர், ஆங்கிலத்தில் செய்து தருவதையே எடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், கேள்வி குறையும்.

பிறந்த திகதி மாறியிருந்தால் இன்னும் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட திகதி இந்தியப் பாஸ்போட்டிலும், உண்மையான திகதி பிறப்புச் சான்றிதழிலும் இருப்பது உண்டு. நீங்கள் இனி இந்தியக் குடிமகன் இல்லாததால் அந்தப் பாஸ்போட்டைத் திருத்தி எடுக்க வழியில்லை. ஆகவே இலங்கைக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் ஒன்றைச் செய்யுங்கள்: இந்தியராக இருக்கும்போதே இந்தியப் பாஸ்போட்டில் பெயரையும் திகதியையும் சரியாக்கி, அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்துக்கான குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்புங்கள். பிறகு வரும் பத்து அலைச்சல் மிச்சம்.

பாஸ்போட் இல்லாமல் போனவர்கள்

2008, 2009 இடப்பெயர்வில் வன்னியில் பெட்டி படுக்கையோடு கடதாசியும் போனது. இந்தியப் பாஸ்போட்டும் அதில் போயிருந்தால், "தொலைந்துவிட்டது" என்று வாயால் சொல்லி முடிக்க முடியாது. உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுங்கள். எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்தச் சூழ்நிலையில் போனது என்று அதில் இருக்கட்டும். அதே விவரத்தோடு ஒரு சத்தியக் கடதாசி. இடம்பெயர்ந்ததை உறுதிப்படுத்திக் கிராம அலுவலர் தரும் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் எடுத்தால் நல்லது.

அதற்கும் மேலாகத் தேவைப்படுவது பாஸ்போட் இலக்கம். தூதரகம் அதை வழங்கிய அலுவலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சான்று தரும், இலக்கம் தெரிந்தால் அது சுருக்கமாக முடியும். எங்கே தேடலாம்? வதிவிட விசா எடுத்தபோது குடிவரவுத் திணைக்களத்துக்குக் கொடுத்த படிவத்தில் இருக்கும். விவாகப் பதிவாளரிடம் கொடுத்த பிரதியில் இருக்கலாம். தமிழ்நாட்டில் வங்கிக் கணக்கோ காஸ் இணைப்போ எடுக்கக் கொடுத்த பிரதி அங்குள்ள அண்ணன் வீட்டு அலுமாரியில் கிடக்கலாம். பழைய விமானச் சீட்டிலும் சில வேளை அச்சாகியிருக்கும். மலையக ஒப்பந்தப் பாஸ்போட் என்றால் கண்டியில் எடுத்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வழங்கிய இடமும் வருடமும் தெரிந்தாலே தேடுகிறவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தொலைந்த பாஸ்போட் பிறகு கிடைத்தால் பேசாமல் வைத்திருக்கக் கூடாது. அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி விசா

ஒப்படைத்த சான்று கைக்கு வந்த பிறகுதான் ரிக்கற். இந்த ஒழுங்கை மாற்றி, மலிவாகக் கிடைத்ததென்று ரிக்கற்றை முதலில் போட்டவர்கள் அந்தக் காசை இழக்கிறார்கள்.

இலங்கைப் பாஸ்போட்டுக்கு இ-விசா 2015 முதல் கிடைக்கிறது. கலியாணவீடு, கோயில், உறவு பார்க்கப் போக இ-சுற்றுலா விசா போதும். வைத்தியத்துக்குப் போவதானால் இ-மெடிக்கல் விசா எடுங்கள், சுற்றுலா விசாவில் போய் ஆஸ்பத்திரியில் படுப்பது பின்னால் வில்லங்கம். பாஸ்போட்டில் ஆறு மாதமும் இரண்டு வெற்றுப் பக்கமும் மிச்சம் இருக்க வேண்டும். குறைவென்றால் வவுனியாவில் உள்ள குடிவரவுக் கிளை அலுவலகத்தில் முதலில் பாஸ்போட்டைப் புதுப்பியுங்கள். விண்ணப்பம் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னால் போக வேண்டும். பத்து நாள் வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தளத்தின் முகவரி 'கவ் டொட் இன்' என்று முடிய வேண்டும். இந்திய விசா என்று தேடினால் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் விளம்பரக் கடைகள். அசோகச் சின்னம்கூட வைத்திருப்பார்கள், இரட்டிப்புக் காசு எடுப்பார்கள்.

படிவத்தை ஊர்க் கொம்யூனிகேசனில் நிரப்பக் கொடுப்பவர்கள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். மின்னஞ்சல் கட்டத்தில் கடைக்காரர் தன் முகவரியைப் போட்டுவிடுவார். அனுமதித் தாள் அவருக்குப் போகும், கடை பூட்டிய நாளில் நீங்கள் பலாலியில் நிற்பீர்கள். படம் சதுரமாக, ஜேபெக் வடிவில், 10 கேபி முதல் 1 எம்பிக்குள். பாஸ்போட் பக்கம் பீடிஎஃப் வடிவில், 10 முதல் 300 கேபிக்குள். கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே பீடிஎஃப் ஆக்கினால் 2, 3 எம்பி வந்து ஏறாமல் நிற்கும். பாஸ்போட்டின் நான்கு மூலையும் தெரிய, ஃபிளாஷ் வெளிச்சம் இலக்கத்தின் மேல் விழாமல் எடுங்கள். காசு கட்டும் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதல்நாளே வங்கியில் கேளுங்கள்.

கேள்விகளில் நான்கு இடம் முக்கியம். குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா என்ற இடத்தில் பின்னர் பெற்றது. முந்தைய குடியுரிமை: இந்தியா. பிறந்த இடம்: உள்ளது உள்ளபடி. முன்பு இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பிறந்து வளர்ந்தவர் "இல்லை" என்று போடுவது சிரிப்புக்கிடமான பொய், ஆனால் கடைக்காரர் அவசரத்தில் அதைத்தான் போடுவார். பழைய இந்தியப் பாஸ்போட் விவரம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது. நீங்கள் எழுதியதும் அதுவும் பொருந்தாவிட்டால் மறுப்பு வரும், கட்டிய காசும் திரும்பி வராது.

எக்சிட் பெர்மிட், அதாவது இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி, இல்லாமல் படகில் திரும்பி வந்தவர்களும், தங்கும் காலம் தாண்டியதற்காக ஏதாவது பதியப்பட்டவர்களும் இ-விசாவை முயலாமல் விசா நிலையத்தில் காகித விசாவுக்கே போடுவது நல்லது. அங்கே கடதாசி காட்டி விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். தாய் தகப்பனைப் பார்க்க மாதக்கணக்கில் தங்க வேண்டியவருக்கும் காகித விசாதான். இந்திய வம்சாவளியினருக்கு எக்ஸ் என்ற நுழைவு விசா இருக்கிறது, அதற்கு ரத்தான பாஸ்போட்டும் ஒப்படைப்புச் சான்றும் ஆதாரம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போய்த் தங்குபவர் போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது. பட்டியலில் உள்ள விமான நிலையம், துறைமுகம் வழியாக மட்டுமே உள்ளே போகலாம். சென்னையும் திருச்சியும் அதில் இருக்கின்றன, பலாலியிலிருந்து பறப்பும் அந்த இரண்டுக்கும்தான். காங்கேசன்துறைக் கப்பலில் போக நினைப்பவர் நாகபட்டினம் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே காசைக் கட்ட வேண்டும்.

ஓசீஐ எடுப்பதா

வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகிறவருக்கும் அங்கே காணி பூமி உள்ளவருக்கும் ஓசீஐ அட்டை எடுப்பதுதான் புத்தி. பெயரில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை இல்லை, வாழ்நாள் விசா. வாக்குரிமை கிடையாது. பாகிஸ்தான், வங்காளதேசக் குடியுரிமை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது மறுக்கப்படுகிறது, இலங்கையருக்கு அந்தத் தடை இல்லை. முன்னாள் இந்தியருக்கு மட்டுமன்றி அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளைக்கும் உண்டு. ஓசீஐ வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ கலியாணம் பதிந்து இரண்டு வருடம் ஆனபின் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் விண்ணப்பிக்கும்போது கட்டணம் 275 அமெரிக்க டொலர். ஐந்து பேர் குடும்பத்துக்குப் பாரமான காசு. முதலில் காணி உள்ளவர் பெயரில் எடுங்கள், மற்றவர்கள் பிறகு பார்க்கலாம்.

காணி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் இது அநேகருக்குத் தெரியாது. இந்திய அந்நியச் செலாவணி விதிகள் சில நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கவும் கைமாற்றவும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்கின்றன. பட்டியலில் பாகிஸ்தான், சீனா முதலியவற்றோடு இலங்கையும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. இந்தியராக இருந்தபோது வாங்கிய வீட்டைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஆனால் குடியுரிமை மாறிய பிறகு அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுக்கப் போகும்போது இந்த விதி குறுக்கே நிற்கும். ஓசீஐ எடுத்தவருக்கு அந்த நாட்டுப் பட்டியல் பொருந்தாது. எழுதிக் கொடுப்பதும் பாகம் பிரிப்பதும் இருந்தால், இலங்கைக் குடியுரிமை எடுக்குமுன் முடிப்பது இலகு. தோட்டம், வயல் காணி புதிதாக வாங்க ஓசீஐக்காரருக்கும் அனுமதி இல்லை.

மற்றக் கடதாசிகள்: வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை நீக்க 7ஆம் இலக்கப் படிவம் கொடுங்கள். அங்கே போயிருக்கும்போது தேர்தல் வந்தது, பெயரும் இருந்தது என்று போய் வாக்குப் போடுவது குற்றம். வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வதிபவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள். வருமான வரிக்கான பான் அட்டை இருக்கலாம், வெளிநாட்டவருக்கும் அது உண்டு. ஆதார் குடியுரிமைக்குச் சான்று இல்லை, விமான நிலையத்தில் அதை நீட்டி "நான் இந்தியன்தான்" என்று வாதாடினால் காரியம் கெடும்.

முதல் பயணத்தன்று

2025 ஒக்ரோபர் முதல் இந்தியாவுக்குள் போகும் வெளிநாட்டவர் இ-வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். யாராவது காசு கேட்டால் அது வேறு தளம்.

இ-விசா நிலை 'கிராண்டட்' என்று காட்டுகிறதா என்று பார்த்து, தாளை அச்செடுங்கள். கைபேசியில் இருக்கிறதென்று விட வேண்டாம்.

பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ முதல் முறை இலங்கைப் பாஸ்போட்டை நீட்டும்போது, "நீங்கள் நாட்டுக்குள் வந்த முத்திரை எங்கே?" என்று கேட்பார்கள். நீங்கள் வந்தது இந்தியப் பாஸ்போட்டில், புதிய பாஸ்போட்டில் ஒரு முத்திரையும் இராது. பதற வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழையும், வதிவிட விசா ஒட்டிய ரத்தான இந்தியப் பாஸ்போட்டையும் கையில் வைத்திருங்கள், பெரிய பையில் போட்டு லக்கேஜுக்கு அனுப்பிவிடாதீர்கள். சென்னையில் இறங்கி வெளிநாட்டவர் வரிசையில் நிற்கும்போதும் அதே உறைதான் தேவைப்படும். அங்கே கேட்டால் இலங்கைப் பாஸ்போட்டை முதலில் கொடுங்கள், ஒப்படைப்புச் சான்றைக் கேட்ட பிறகு கொடுங்கள். ரத்தான நீலப் பாஸ்போட்டை அவர்கள் கேட்டாலன்றி எடுத்து மேசையில் வைக்காதீர்கள்.